வேலைக்குப் போகும் பிள்ளையிடம் வாடகை கேட்கலாமா?

குடும்பங்களுக்கு வரவுசெலவு ஆலோசனை சொல்வது என் வேலை. என்னிடம் வரும் சண்டைகளில் பாதி ஏர்கானில் தொடங்கும்.

சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு குடும்பம் (விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்). மகளுக்கு 27 வயது. இரவு முழுக்க அறையில் ஏர்கான் ஓடும். பியூபி பில் (மின்சார, தண்ணீர்க் கட்டணம்) எகிறியதும் அப்பா, "அடுத்த மாசத்திலேருந்து 800 வெள்ளி வாடகை குடு" என்றுவிட்டார். இரண்டு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. "நான் என்ன ரூமுக்கு வந்த ஆளாப்பா?" என்று என் எதிரிலேயே அழுதார் அந்தப் பெண்.

பணம் கேட்டதில் தப்பில்லை. அந்தச் சொல்தான் உறுத்தியது. வாடகைக்கு இருப்பவரிடம் "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்க முடியுமா? அவர் துணியை அம்மா மடித்து வைப்பாரா? 'வீட்டுச் செலவில் உன் பங்கு' என்று சொல்லிப் பாருங்கள் என்றேன்.

அடுத்தது, அந்த 800. மகளின் சம்பளம் 3,500 வெள்ளி. அதை வைத்துத்தான் அப்பா கணக்குப் போட்டிருந்தார். மசேநிக்கு (மத்திய சேமநிதிக்கு) 20 விழுக்காடு, அதாவது 700 வெள்ளி போனால் கைக்கு வருவது 2,800. மகளுக்கும் ஒன்று தெரியாமல் இருந்தது: அப்பாவின் மசேநிப் பணத்தில் பெரும்பகுதி இந்த வீட்டுக்கே போய்விட்டது. இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அவர் அதைச் சொன்னதில்லை. நம் அப்பாக்களுக்கு அப்படியொரு வீம்பு.

பியூபி பில், நகர மன்றத்தின் சேவை, துப்புரவுக் கட்டணம், மளிகை என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். மகளின் பங்கு மாதம் 450 வெள்ளியில் வந்து நின்றது. அதில் 300 வீட்டுச் செலவுக்கு. மீதி 150 அப்பாவின் மசேநி ஓய்வுக்காலக் கணக்குக்கு, மகளே ரொக்கமாக நிரப்புகிறார். 55 வயதைத் தாண்டி, சேமிப்புக் குறைவாக உள்ள தகுதியுள்ளவர்களுக்கு அரசாங்கம் 2025 முதல் ஆண்டுக்கு 2,000 வெள்ளிவரை அதே அளவு தொகையைச் சேர்க்கிறது. ஆகவே மகள் போடும் 1,800 இன்னொரு 1,800ஐக் கொண்டுவரும். ஆனால் இது நினைத்தபோது எடுக்கிற பணமில்லை.

சில பெற்றோர், "பெத்தவங்களைக் காப்பாத்தச் சட்டமே இருக்கு" என்று மிரட்டுவதையும் கேட்கிறேன். 1995ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம், தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாத 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. ஏர்கான் பில்லுக்கு அதை இழுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு எச்சரிக்கை. வீட்டுக்கடன் தவணையை நீங்களே கட்டிவந்தாலும், உரிமையாளராகப் பெயர் இல்லாதவரை வீட்டில் பங்கு தானாக வந்துவிடாது. அண்ணன் தம்பிகள் பின்னாளில் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். தவணையா, வீட்டுச் செலவா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

கல்யாணமாகாதவர் தனியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயதாக வேண்டும். அதுவரை பலர் பெற்றோருடன்தான். பிள்ளை கொடுக்கும் பணத்தை அவர் பேரிலேயே ரகசியமாகச் சேர்க்கும் அம்மாக்களும் உண்டு. நல்லதுதான், உங்கள் மருந்துச் செலவுக்குப் பணம் இருந்தால்.

அந்த யீஷூன் மகள் கடைசியாக ஒன்று கேட்டார்: "வேலை போனா?" மூன்று மாதம் கொடுக்க வேண்டாம், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் அப்பா. அதையும் தாளில் எழுதச் சொன்னேன்.