கவிழ்த்து வைத்த வில்

பத்துச் சக்கர லாரியின் பின்சக்கரங்களுக்கு நடுவே ஒருமுறை குனிந்து பாருங்கள். முன்சக்கரத்தில் லீஃப் ஸ்பிரிங்கின், அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில்லின், முனைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்னால், பல லாரிகளில், அதே வில்லைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நடுப்பகுதி மேடாக நிற்கும். பின்னாலுள்ள இரண்டு அச்சுகளில், ஒரு முனை முன்னுள்ள அச்சின் மேலும் மறுமுனை பின்னுள்ள அச்சின் மேலும் அமர்ந்திருக்கும்.

இரண்டு அச்சுகள் இருப்பதே சுமையைப் பங்கு போடத்தான். ஆனால் ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனி ஸ்பிரிங் கொடுத்துவிட்டால், மேடான இடத்தில் ஏறும் அச்சே பெரும்பாலான எடையைத் தாங்க நேரிடும். மற்றது தொங்கிக்கொண்டு வரும். 16 டன்னைத் தலைக்கு 8 டன்னாகச் சுமக்க வேண்டியவற்றில் ஒன்று அந்தக் கணத்தில் நசுங்குகிறது. டயரும் பேரிங்கும் சாலையும் அந்த அடியை வாங்குகின்றன.

கவிழ்ந்த வில் இதைத் தராசுக்கோல் போலத் தீர்க்கிறது. அதன் நடுப்பகுதி, லாரியின் அடிச்சட்டமான சேஸுக்கு அடியிலுள்ள ட்ரனியன் என்ற தடித்த தண்டின் மேல் சுழலும் இருக்கையோடு யூ போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டில் முன்னுள்ள அச்சு கல்லில் ஏறினால் வில் சாய்ந்து பின் அச்சைத் தரையோடு அழுத்தும். இரு கைகளும் சம நீளம் என்பதால் சுமையும் ஏறக்குறைய சமமாகவே நிற்கும். எனக்கு மிகவும் பிடித்தது இதில் கிடைக்கும் இன்னொரு லாபம்: ஓர் அச்சு 10 செ.மீ. உயர்ந்தால், நடுத்தண்டு 5 செ.மீ. மட்டுமே உயரும். மேடு பாதியாகித்தான் சரக்கைச் சென்றடைகிறது.

சரி, ஒரே கனமான இரும்புப் பாளம் போதாதா, ஏன் இத்தனை பட்டைகள்? தடிமனான நோட்டுப் புத்தகம் ஒன்றை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி, விளிம்பு சரிவாக மாறும். அத்தனை தாள்களையும் பசையால் ஒட்டிவிட்டால் அதே புத்தகம் பலகையாகிவிடும். வளையும் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. தடித்த பாளத்தை வளைத்தால் மேற்பரப்பு அதிகமாக இழுபட்டு விரிசல் விடும். மெல்லிய பட்டைகள் ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் இழுபடுகின்றன. அந்த இழுவிசையை எதிர்கொள்ளவே, தயாரிக்கும்போது சிறு எஃகு மணிகளை வேகமாகப் பாய்ச்சி மேற்பரப்பை முன்கூட்டியே அழுத்தி வைக்கிறார்கள்.

பட்டைகள் உரசும்போது அதிர்வின் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. காலி லாரி தூக்கிப் போடுவதற்கும் இந்த உரசல் ஒரு காரணம்: சிறு அதிர்ச்சிகளில் பட்டைகள் நழுவாமல் ஒட்டிக்கொண்டு, ஒரே பாளம்போல் நடந்துகொள்கின்றன.

வில்லின் முனைகள் அச்சின் மேல் வெறுமனே அமர்ந்து முன்பின்னாக நழுவுவதால், அவற்றால் அச்சை இழுத்துப் பிடிக்க முடியாது. பிரேக் போட்டால் அச்சே உருளப் பார்க்கும். அதைத் தடுக்கும் வேலை அச்சைச் சேஸோடு இணைக்கும், ரப்பர் புஷ் பொருத்திய டார்க் ராடுகள் என்ற தண்டுகளுடையது.

இவ்வளவு கனத்த அமைப்பில் கவனிக்க வேண்டிய இடம் மிகச் சிறியது. பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டுக்காகத் துளையிட்ட இடமே பட்டையின் பலவீனமான பகுதி. யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை அங்கே வளைவு எட்டாது. தளர்ந்தால் துளை வழியாகவே பட்டை முறியும். புதிதாக மாற்றிய ஸ்பிரிங்கில் பெயிண்டும் பட்டைகளும் அமர்ந்து பிடிப்பு குறைவதால், சிறிது தூரம் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளை மீண்டும் முறுக்கியாக வேண்டும்.