விரதம் முடிந்த மறுநாள்

"சிஸ்டர், நான் குடிகாரன்னா தைப்பூசத்துக்குப் பத்து நாள் எப்படித் தொடாம இருக்கேன்? புரட்டாசி மாசம் முழுக்க வீட்டுல ஒரு பாட்டில் கிடையாது. என் சம்சாரத்தையே கேளுங்க."

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மதுப் பழக்கத்திலிருந்து மீள வருகிறவர்களுக்கான கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கத்திலிருந்து வருகிற நம்மவர்களிடம் இந்த வாதத்தைக் கேட்காத வருஷமே இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. காவடி எடுக்கிறவர் விரதத்தை மீறமாட்டார். நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான். விரதத்தின் இரண்டாம் நாள் கை எப்படி இருந்தது? காவடியை இறக்கிவைத்த அன்று சாயங்காலம் எங்கே இருந்தீர்கள்?

மேலே சொன்ன அண்ணன் (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) இரண்டாவது கேள்விக்குத் தரையைப் பார்த்தார். மனைவிதான் சொன்னார்: "கோயில் வாசல்ல வண்டியைத் திருப்பும்போதே பின்னாடி பாட்டில் உருள்ற சத்தம் கேட்டுச்சு சிஸ்டர். முதல் நாளே வாங்கி வெச்சிருக்கார்."

முதல் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் வேறு. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்குப் பிதற்றலும், இல்லாதது கண்ணில் தெரிவதும் வரும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. விரதமானாலும் சரி, வைராக்கியமானாலும் சரி, இப்படிப்பட்டவர் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கை நடுங்கினால் "அம்மன் சோதிக்கிறாள்" என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

விரதத்துக்கு முடிவுத் தேதி இருக்கிறது. காலண்டரில் வட்டம் போட்டிருக்கும், மனசு அதையே பார்த்துக்கொண்டிருக்கும். 2020 மார்ச் 27 அன்று பொதுமுடக்கத்தோடு நாடு முழுக்க மது விற்பனையையே நிறுத்தினார்களே, அப்போது எத்தனை வீட்டில் மதுவுக்காக அன்னாசிப்பழம் பானையில் நுரைத்தது! கிடைக்காமல் செய்வது ஒன்று, வேண்டாமென்று இருக்கப் பழகுவது வேறொன்று. அந்தப் பழக்கத்தைத் தனியாளாகப் பிடித்தவர்கள் குறைவு. அதற்குத்தான் குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டங்கள்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் 1946 முதல் நடக்கிறது. "பேசிப் பேசியே குடி போயிடுமா?" என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.வுக்குப் போகப் பழக்கிய சிகிச்சைமுறை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்திருக்கிறது.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஏ.ஏ.வின் தேசிய உதவி எண் 0861 435 722. எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த ஹால் என்று சொல்லிவிடுவார்கள். "திறந்த கூட்டம்" என்றால் குடும்பத்தார் கூட உட்காரலாம். "மூடிய கூட்டம்" குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். கட்டணம் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. நடுவில் ஒரு பை சுற்றிவரும், புதியவர் காசு போட வேண்டியதில்லை. பேச வேண்டிய கட்டாயமும் இல்லை.

நம்மவர்கள் தயங்குகிற இடங்கள் வேறு. "சர்ச் ஹால்ல நடக்குதே, மதம் மாத்திடுவாங்களா?" ஹால் வாடகைக்கு எடுத்தது, அவ்வளவுதான். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் வருவார். ஆனால் "நாங்கள் அறிந்துகொண்ட விதத்தில்" என்றுதான் எழுதியிருக்கிறது. முருகனை நினைத்துக்கொண்டு உட்காருங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.

அப்புறம், "தெரிஞ்சவங்க யாராவது இருந்தா?" சாட்ஸ்வர்த்தில் தும்மினால் மூன்று தெரு தள்ளி நலம் விசாரிப்பார்கள், அதனால் இந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். இருபது நிமிஷம் கார் ஓட்டி வேறு வட்டாரத்துக் கூட்டத்துக்குப் போங்கள். தெரிந்தவர் அங்கேயும் இருந்தால், அவரும் உங்களைப் பார்த்து அதே பயத்தில்தான் இருப்பார். ஒரே கூட்டத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் நாலைந்து இடம் போய்ப் பாருங்கள். சில கூட்டம் ஒட்டாது, எனக்கே சிலது ஒட்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த சமையல்காரர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் இங்கே இன்னொரு சிக்கல்: எல்லாம் இங்கிலீஷ். மனசு நொந்ததை அரைகுறை மொழியில் சொல்ல வராது. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. இணையவழியில் நடப்பவற்றில் இங்கிருந்தே சேரலாம். அங்கே இரவு 8 மணி என்றால் நமக்கு மாலை 4.30.

அவர் போக மறுக்கிறாரா? நீங்கள் போகலாமே. குடிப்பவரின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. அந்த அண்ணன் வீட்டில் முதலில் போனது மனைவிதான். இவர் போக ஏழு மாதம் ஆனது. போன பிறகும் இரண்டு தடவை சறுக்கினார், ஒரு தடவை மோசமாக.

போன புரட்டாசி முடிந்த அன்று சாயங்காலம் போன் செய்தேன். வீட்டம்மாதான் எடுத்தார். "மீட்டிங் போயிருக்கார் சிஸ்டர். இன்னிக்கு டீ போடுற முறை இவருதாம், பால் வாங்கணும்னு சீக்கிரமே கிளம்பிட்டார்."