லாட்ஜ் என்றால் ரூம் போடும் இடமா?

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: "ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா திருச்சியில் சுதந்திரக் கொத்தனார் விடுதியில் சேர்ந்தார்." நவாபு மகனுக்குத் திருச்சியில் தங்க இடமா இல்லை? ஃப்ரீமேசன் லாட்ஜைத்தான் இந்தப் பாடு படுத்தியிருக்கிறார்கள். ஃப்ரீமேசன் என்பது பழைய கல்தச்சர் குழுக்களின் பேரை எடுத்துக்கொண்ட ஒரு சகோதரத்துவ அமைப்பு; அதன் கிளைக்குத்தான் 'லாட்ஜ்' என்று பேர். இந்த 'விடுதி' என் கண்ணில் படுவது இது நாலாவது முறை.

பழைய பிரெஞ்சில் 'லோஜ்' என்றால் பந்தல், குடில். தேவாலயம் எழும்பும் இடத்தில் கல்தச்சர்கள் வெயிலுக்கு ஒதுங்கிக் கல் செதுக்கிய கொட்டகைக்கு அந்தப் பேர் வந்தது. அப்புறம் அங்கே கூடிய ஆட்களுக்கே பேராகிவிட்டது. கட்டடம் போய்விட்டது, ஆட்கள்தான் லாட்ஜ்.

1717இல் லண்டனில் நாலு லாட்ஜ்கள் சேர்ந்து 'கிராண்ட் லாட்ஜ்' என்ற தலைமை அமைப்பை உருவாக்கின. அவை கூடியதெல்லாம் மதுக்கடைகளில். "பாருங்கள், விடுதிதானே" என்பார்கள். கடை கடைக்காரருடையது, மாடியில் உட்கார்ந்து பேசியவர்கள்தான் லாட்ஜ். சென்னையில் 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி' லாட்ஜ் 1786இல் தொடங்கியது. எழும்பூர் ஃப்ரீமேசன் ஹாலில் இன்றைக்குப் பல லாட்ஜ்கள் முறைவைத்துக் கூடுகின்றன. ஒரே விடுதிக்குள் பல விடுதிகளா?

'சுதந்திரக் கொத்தனார்' அதைவிட மோசம். கொத்தனார் கையில் கரணை இருக்கும், செங்கல்லும் கலவையும் அவர் வேலை. கல்லை உளியால் செதுக்குபவர் கல்தச்சர். மாமல்லபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 'ஃப்ரீ' என்பதும் சுதந்திரப் போராட்டச் சமாச்சாரம் இல்லை. எந்தப் பக்கமும் செதுக்க வளைந்துகொடுக்கும் நயமான கல்லுக்கு 'ஃப்ரீஸ்டோன்' என்று பேர், அதிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி; தொழிற்குழுவில் உரிமை பெற்றவர் என்பது இன்னொரு கட்சி. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டுவதற்குப் பேர் மொழிபெயர்ப்பு என்று ஆகிவிட்டது. அதற்கு 'ஃப்ரீமேசன்' என்றே விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் 'லாட்ஜ்' என்று விட முடியாது. நம் ஊரில் அது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரூம் போடும் இடம். என் ஓட்டு 'மன்ற'த்துக்கு. சங்கப் பாட்டில் மன்றம் என்பது ஊர்ப் பொதுவிடம். பலாமரமோ வேப்பமரமோ நிற்கும், அதன் நிழலில் ஊர் கூடும். இடத்தின் பேர்தான் பிறகு கூடியவர்களுக்கும் ஆனது, லோஜைப் போலவே.

திருத்தி அனுப்பினேன். "ரசிகர் மன்றம் மாதிரி இருக்கிறதே" என்று பதில் வந்தது. சரி, அதற்கும் சேர்ந்துதானே கூடுகிறார்கள்?