பத்து நொடி பாக்கி

2015 அக்டோபர் 17, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரத்து மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். மிச்சிகன் பல்கலைக்கழக அணி, அதே மாநிலத்துப் பங்காளியான மிச்சிகன் ஸ்டேட் அணியைவிட 23–21 என்று முன்னால் நிற்கிறது. பாக்கி 10 நொடி. பந்தும் மிச்சிகன் கையில்தான். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நான் எழுந்து, நண்பனுக்குப் போன் போட விரலைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

இது உருண்டைப் பந்துக் கால்பந்து அல்ல, தலைக்கவசம் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். 10 கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு. நான்காவதிலும் தேறாது என்று தோன்றினால் பந்தைத் தூரமாக உதைத்து எதிரியிடம் விட்டுவிடுவார்கள். அதற்குப் பன்ட் என்று பெயர். அன்றைக்கு மிச்சிகன் செய்ய வேண்டியது அந்த ஓர் உதைதான். உதைத்திருந்தால் நேரம் முடிந்திருக்கும், ஆட்டமும் முடிந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து மிச்சிகனுக்காக பன்ட் உதைத்த பிளேக் ஓ'நீலிடம் பந்து தாழ்வாக வந்தது. கையில் பட்டு நழுவியது. குனிந்து எடுத்தார், உதைக்கத் திரும்பினார், அதற்குள் எதிரிகள் மேலே விழுந்துவிட்டார்கள். பந்து எகிறி மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கையில் விழ, அவர் 38 கெஜம் ஓடி, புள்ளி எடுக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டினார். கடிகாரத்தில் பூஜ்யம். 27–23. அதுவரை அந்த ஆட்டம் முழுக்க மிச்சிகன் ஸ்டேட் ஒரு நொடிகூட முன்னிலையில் இருந்ததில்லை. கோட்டைத் தாண்டிய இடத்தில் ஆள்மேல் ஆள் விழுந்ததில் வாட்ஸ்-ஜாக்சனுக்கு இடுப்பு மூட்டு விலகியது, பாவம். ஜெயித்தவர் மருத்துவமனைக்குப் போனார். ஓர் அடிகூடப் படாத நான் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்தப் பந்தை நான் வாழ்நாளில் தொட்டதில்லை. பட்டமேற்படிப்புக்காக அந்த ஊரில் சில வருடம் இருந்தேன், அவ்வளவுதான் உறவு. அப்புறம் ஏன் வயிற்றில் அப்படி ஒரு கல்?

முதல் காரணம், மூளை எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. உல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளுக்கு ஒரு சமிக்ஞை காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்துப் பழக்கினார். அப்போது மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்புசெல்கள் எப்படித் துடிக்கின்றன என்று பதிவு செய்தார். குரங்கு பழகிய பிறகு, சாறு வரும்போது இந்தச் செல்கள் பெரிதாகத் துள்ளவில்லை. சமிக்ஞையைப் பார்த்த உடனேயே செல்கள் துள்ளிவிட்டன. ஆனால் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடுக்காமல் விட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அந்தச் செல்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே சரிந்தது. அதாவது இந்தச் செல்கள் கிடைத்ததை அளக்கவில்லை. கிடைக்கும் என்று நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கின்றன.

பத்து நொடி பாக்கி இருந்தபோது நான் ஏற்கெனவே சாற்றைக் குடித்துவிட்டேன். போனில் வைத்த விரல்தான் சாட்சி. குரங்கும் சோபாவில் கிடக்கும் ரசிகனும் ஒன்றல்ல என்பது சரிதான். ஆனாலும் எதிர்பார்ப்பு எவ்வளவு உயரமோ, விழுகிற அடியும் அவ்வளவு பலம் என்பது மனிதர்களிடமும் தெரிகிறது. சில நேரம் அது சோபாவோடு நிற்பதில்லை. டேவிட் கார்டு, கோர்டன் டால் என்ற இரு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழில்முறை ஃபுட்பால் அணிகளின் முடிவுகளையும், போலீசுக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய உள்ளூர் அணி தோற்ற நாட்களில், ஆண்கள் மனைவி அல்லது துணைவிமேல் கைவைத்த புகார்கள் சுமார் 10 சதவீதம் கூடின. இழுபறியாகும் என்று எதிர்பார்த்த ஆட்டத்தில் தோற்றபோது அப்படிக் கூடவில்லை. தோல்வி அதே தோல்விதான், எதிர்பார்ப்புதான் வேறு. சாப்பிடாமல் படுத்த என் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம், இதை அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்தது, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதை. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வர்ஸ்கியும் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். இருவர் ஒரே வண்டியில் வந்து, போக்குவரத்தில் மாட்டி, அரைமணி தாமதமாக விமான நிலையம் சேர்கிறார்கள். ஒருவருடைய விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. இன்னொருவருடையது தாமதமாகி, ஐந்து நிமிடம் முன்னால்தான் போனது. யாருக்கு அதிக எரிச்சல்? கிட்டத்தட்ட எல்லோருமே இரண்டாமவர் என்றார்கள். இருவரும் இழந்தது ஒன்றுதான். ஆனால் ஐந்து நிமிடத்தை மனம் சுலபமாகத் திருத்திவிடுகிறது. அந்தச் சிக்னல் மட்டும் பச்சையாக இருந்திருந்தால்!

முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றால் மனதில் எதைத் திருத்துவது? பயிற்சியாளரை, ஆட்களை, அடுத்த மூன்று வருடத்தை என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மனம் சலித்துத் தூங்கிவிடும். இங்கேயோ ஒரே ஒரு இடத்தைத் தொட்டால் போதும். பந்து ஓர் அரையடி மேலே வந்திருந்தால். அல்லது ஓ'நீல் கீழே விழுந்த பந்தின்மேல் அப்படியே படுத்திருந்தால். அன்றிரவு இந்தப் படத்தை நூறு தடவை திருத்தியிருப்பேன், நூறு தடவையும் ஜெயித்தோம்.

இப்படித் திருத்துவதில் ஓர் ஆபத்து உண்டு. சுலபமாகத் திருத்த முடிகிற இடமே குற்றவாளியாகிவிடுகிறது. இரண்டு புள்ளி மட்டுமே முன்னால் இருந்ததற்கு மற்ற 59 நிமிடங்களும்தான் காரணம். பழி என்னவோ அந்தக் கல்லூரி மாணவரின் இரண்டு கைகள்மேல் விழுந்தது. சமூக வலைத்தளங்களில் வந்த வசவைப் பார்த்து, பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவரே இதை நிறுத்துங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

சரி, மேலே ஒரு வார்த்தையை நான் நழுவவிட்டதைக் கவனித்தீர்களா? ‘நூறு தடவையும் ஜெயித்தோம்.’ யார் ஜெயித்தோம்?

உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் 1976இல் வெளியிட்ட ஆய்வு, ரசிகர்களைப் பற்றிப் பேசுகிற யாரும் தொடாமல் போக முடியாத ஒன்று. ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமை வகுப்புக்கு எத்தனை பேர் கல்லூரிப் பெயர் போட்ட உடையில் வருகிறார்கள் என்று எண்ணினார்கள். சனிக்கிழமை அணி ஜெயித்திருந்தால் அதிகம். மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து ஆட்ட முடிவையும் கேட்டார்கள். வென்ற ஆட்டத்துக்கு ‘நாம்’ என்ற சொல் அதிகம் வந்தது, தோற்றதற்குக் குறைந்தது. தமிழில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். கூட்டாளியிடம் ‘நாம ஜெயிச்சுட்டோம்’, எதிரணிக்காரனிடம் ‘நாங்க ஜெயிச்சுட்டோம்’, தோற்றால் ‘சொதப்பிட்டானுங்க’. கிரிக்கெட் பார்க்கிற எந்த வீட்டிலும் இதைக் கேட்கலாம்.

அரைகுறை ரசிகனுக்கு ‘அவனுங்க’ என்ற கதவு திறந்திருக்கிறது. முற்றிய ரசிகன் அதைத் தானே பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். இந்தியானா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ரசிகர்களை உளவியலாளர் எட்வர்ட் ஹர்ட் குழு சோதித்து, முடிவுகளை 1992இல் வெளியிட்டது. அணி தோற்றதைப் பார்த்தவர்களிடம் சின்னச் சின்ன வேலைகளைக் காட்டி, நீங்கள் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார்கள். அம்பு எறிவது, எழுத்துகளை மாற்றிப்போட்டு வார்த்தை கண்டுபிடிப்பது, அழகான ஒருவரை டேட்டிங்குக்கு அழைத்துச் சம்மதம் வாங்குவது. வெற்றியைப் பார்த்தவர்களைவிட இவர்கள் தங்களையே மட்டமாக மதிப்பிட்டார்கள். எவனோ பந்தைக் கூடையில் போடாததற்கும் நான் அழகாக இல்லாததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அன்றிரவு கண்ணாடி பார்த்தவன் சொல்கிறேன், சம்பந்தம் இருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, என்னை உண்மையில் ஆச்சரியப்படுத்திய ஆய்வு வேறு. உளவியலாளர்கள் டிமதி வில்சன், டேனியல் கில்பர்ட் குழு 2000இல் வெளியிட்டது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களிடம், ஆட்டம் முடிந்து சில நாள் வரை உங்கள் மனநிலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டார்கள். ஆட்டத்தின் தாக்கம் ரொம்ப நாள் இருக்கும் என்று கணித்தார்கள். இருக்கவில்லை. காரணம் எளிது. கணிக்கும்போது கண்ணில் தெரிவது ஆட்டம் மட்டும்தான், வாழ்கிற நாளிலோ துணி துவைப்பது, பால் வாங்குவது, பரீட்சை, பல்வலி எல்லாம் இருக்கிறது. அந்த நாட்களில் என்னென்ன செய்வீர்கள் என்று முதலில் எழுதச் சொல்லிவிட்டுக் கேட்டபோது கணிப்பு அடங்கிவிட்டது.

என் கதையும் அதேதான். ஞாயிறு காலை சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. வாஷர் வாங்கப் போய், தவறான அளவை வாங்கி, திரும்பப் போய் மாற்றிக்கொண்டு வந்து முடித்தபோது மணி மூன்று. சாம்பார் சாதம் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டேன். நடுவில் ஆட்டம் ஞாபகம் வந்தது இரண்டு முறை என்று நினைக்கிறேன். ஆனாலும் திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது, கதவுப் பக்கம் ஆணியில் மாட்டியிருந்த மிச்சிகன் நீலத் தொப்பியை விட்டுவிட்டு, எழுத்தே இல்லாத கம்பளிக் குல்லாயைத்தான் எடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 31, மினசோட்டா மண்ணில் ஆட்டம். மிச்சிகன் 29–26 என்று முன்னால். கடைசி நொடிகளில் மினசோட்டா எங்கள் கோட்டுக்கு ஒரு கெஜம்கூட இல்லாத தூரத்தில் நிற்கிறது, தாண்டினால் அவர்களுக்கு வெற்றி. மிச்சிகன் தடுத்துவிட்டது. நண்பனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். ‘நாம ஜெயிச்சுட்டோம்டா!’