புழுவுக்கு எதற்கு ‘மரபணு சோதனை’?

‘ஆடுகளில் ஒட்டுண்ணிக்கான மரபணு சோதனை.’ தேவிபட்டினம் பக்கம் ஒரு முகாம் நோட்டீஸில் மறுபடியும் இதே தொடர். பார்த்த ஆட்டுக்காரர் கேட்டார்: “பருத்தி மாதிரி ஆட்டுக்கும் மரபணுவ மாத்தப் போறாகளா?”

சொல்லின் கதை சின்னது. 1909இல் டென்மார்க்கின் தாவரவியலாளர் யோஹான்சன் ‘ஜீன்’ என்றார். நாம் மரபையும் அணுவையும் சேர்த்தோம். நல்ல சொல்தான். டிஎன்ஏ வருகிற இடத்திலெல்லாம் அதை ஒட்டுவதுதான் கோளாறு. டிஎன்ஏ முழு இழை. மரபணு அதில் ஒரு பகுதி.

செம்மறி, வெள்ளாட்டின் நான்காம் இரைப்பையில் ரத்தம் குடிப்பது ஹீமாங்கஸ் கண்டார்ட்டஸ் என்ற புழு. மாட்டில் பெரும்பாலும் ஹீமாங்கஸ் பிளாசி. ஒரே கண்மாய்க்குள் மேய்ந்தால் இரண்டும் கலக்கும். கீழிமையை இழுத்தால் வெளுத்திருக்கும், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும்; எந்தப் புழு என்று அது சொல்லாது. புழுக்கையைக் கரைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாலும் முட்டைகள் ஒரே மாதிரி. ஆகவே புழுவின் டிஎன்ஏவில் ஐடிஎஸ்-2 என்ற துண்டை, பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கிப் படிக்கிறார்கள். இரண்டு புழுவிலும் அது 231 டிஎன்ஏ எழுத்து; வித்தியாசம் 3 எழுத்து. இந்தத் துண்டு மரபணுவே இல்லை! புரதம் செய்யும் ரைபோசோமுக்கான இரண்டு மரபணுக்களுக்கு நடுவே கிடப்பது. ஆர்என்ஏவாகப் படியெடுத்ததும் வெட்டி எறியப்படுவது.

‘சனங்களுக்குப் புரிய வேண்டாமா’ என்பார்கள். சரி, அல்பெண்டசோல் என்ற புழுமருந்துக்கு அசையாத புழுவைக் கண்டுபிடிக்க பீட்டா-டியூபுலின் மரபணுவில் 200ஆவது இடத்தைப் பார்க்கிறார்களே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? அதுதான் அசல் மரபணு சோதனை. ஒன்று எந்தப் புழு என்று சொல்லும், மற்றது மருந்து கேட்குமா என்று சொல்லும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் ரிப்போர்ட்டை வாங்கியவர் எதை நம்பி மருந்தை மாற்றுவார்?

தனித்தமிழ் அன்பர்கள் ‘தாயனை’ என்பார்கள். டிஎன்ஏவின் ஓசைக்கு வேட்டி கட்டிய சொல் அது. தாய்வழிச் சமாச்சாரமோ என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். எக்ஸ்ரேயை ஏற்ற வாய்க்கு டிஎன்ஏ கசக்காது. ‘டிஎன்ஏ வழிப் புழு இனங்காணல்’ என்பேன். நோட்டீஸில் இடம் இல்லையா, ‘டிஎன்ஏ சோதனை’ போதும்.

‘ஒட்டுண்ணி’ வேறு இருக்கிறது. ஒட்டி உண்பது, கிரேக்க மூலமும் அடுத்தவர் பந்தியில் சாப்பிடுகிறவனைத்தான் சொன்னது. பொருத்தமான சொல்லே. ஆனால் இந்தக் கரையில் உண்ணி என்றால் ஆட்டின் காதில் கடித்துத் தொங்குவது. ஆங்கிலச் சுற்றறிக்கையையும் அகராதியையும் மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கு இது எங்கே தெரியப்போகிறது? நோட்டீஸைப் படித்துவிட்டு உண்ணி மருந்து கேட்டு வருகிறார்கள். ‘குடற்புழு’ என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?