ஆம்புலன்ஸில் டாக்டர் இருந்திருந்தால்?

அவசர சிகிச்சைப் பிரிவில் நான் பணியாற்றிவரும் இத்தனை ஆண்டுகளில், வீட்டிலோ கடைவீதியிலோ இதயம் நின்றுபோய்க் கொண்டுவரப்பட்டு, எங்களால் மீட்க முடியாமற்போனவர்களின் உறவினர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: "வண்டியிலேயே ஒரு டாக்டர் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா?" அது நியாயமான கேள்வி. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. முன்னதில் ரத்தக்குழாய் அடைபடுகிறது, நோயாளி பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பார். பின்னதில் அவர் சரிந்து விழுந்து நினைவிழக்கிறார். சில நேரம் விட்டுவிட்டு இழுக்கும் மூச்சு மட்டும் தெரியும். அதைச் சுவாசம் என்று நம்பிக் காத்திருந்து பொழுதைப் போக்கிய குடும்பங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தக் கேள்வியை ஏறத்தாழ அப்படியே ஆராய்ந்து பார்த்த இடம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். அங்கே 17 நகரங்களில் இதயத்துடிப்பை மீட்க உதவும் மின்னதிர்ச்சிக் கருவி விரைவாகச் சென்றடையும் ஏற்பாட்டை முதலில் உறுதிசெய்தார்கள். அதன் பிறகு, மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தவும் ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தவும் கற்ற பாராமெடிக்குகளை (டாக்டர் அல்லாத, உயர்பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் பணியாளர்களை) ஆம்புலன்ஸ்களில் சேர்த்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, 5,638 நோயாளிகளில், உயிரோடு வீடு திரும்பியோர் முன்பு 5.0 விழுக்காடு, பின்பு 5.1 விழுக்காடு. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு இதயத்துடிப்பு மீண்டவர்கள் கூடினார்கள். ஆனால் வீடு திரும்பியவர்கள் கூடவில்லை. அதே ஆய்வில், அருகிலிருந்தவர்கள் நெஞ்சழுத்தம் (நெஞ்சைக் கைகளால் விடாமல் அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவி) கொடுத்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 3.7 மடங்காக இருந்தது. மின்னதிர்ச்சி விரைவில் கிடைத்தவர்களுக்கு அது 3.4 மடங்கு.

ரத்தம் போகாத மூளை நான்கைந்து நிமிடங்களிலேயே சேதமடையத் தொடங்குகிறது. ஆம்புலன்ஸோ, எவ்வளவு வேகமாக வந்தாலும், அதற்குப் பிறகே வாசலில் நிற்கிறது. இதயத்தைத் தூண்டக் கொடுக்கும் அட்ரினலின் மருந்தைப் பற்றிப் பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதையே ஒட்டியிருந்தது: 30 நாள் கழித்து உயிரோடிருந்தோர் அந்த மருந்து பெறாதவர்களில் 2.4 விழுக்காடு, பெற்றவர்களில் 3.2 விழுக்காடு, ஆனால் மூளை நல்ல நிலையில் மீண்டவர்களின் அளவில் தெளிவான வேறுபாடு இல்லை.

அப்படியானால் வண்டியில் யார் இருந்தாலும் ஒன்றுதானா? இல்லை. அவரது பட்டத்தைக் காட்டிலும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நான் முதலில் கேட்பேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்துவது கடும் உடலுழைப்பு. இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாற வேண்டும் என்று விதித்திருப்பது அதனால்தான். 1970 முதல் பாராமெடிக் சேவை நடத்திவரும் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், தீயணைப்பு வண்டியில் வருபவர்கள் முதலில் சேர்ந்து நெஞ்சழுத்தம் தொடங்குகிறார்கள், உயர்பயிற்சி பெற்றவர்கள் அடுத்து வந்து இணைகிறார்கள். உயிர் மீட்பில் உலகின் முன்னணி நகரங்களுள் ஒன்றாக அது இருப்பதில் இந்த அடுக்குமுறைக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து.

நம் 108 ஆம்புலன்ஸில் பொதுவாக இருப்பவர்கள் இருவர்: ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். வண்டி கிளம்பிய கணத்திலிருந்து நோயாளியிடம் ஒருவர் மட்டுமே மிஞ்சுகிறார். வேகத்தடையிலும் வளைவிலும் ஆடும் வண்டியில் அவர் தனியாக நெஞ்சை அழுத்தவும் வேண்டும், மூச்சுக் கொடுக்கும் காற்றுப்பையைப் பிழியவும் வேண்டும். எவ்வளவு திறமையானவரானாலும் இது ஒருவரால் ஆகிற காரியமல்ல. எனவேதான், இதயம் நின்றவரை உடனே தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லிக் குழுவினரை நெருக்காதீர்கள் என்று உறவினர்களை வேண்டிக்கொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் விழுந்த பெரியவரைத் தரையிலேயே வைத்துப் பத்து நிமிடத்துக்கு மேல் சிகிச்சை செய்து, நாடித்துடிப்பு திரும்பிய பிறகே எங்களிடம் அழைத்துவந்தார்கள். "ஏன் சார் அவ்வளவு நேரம் அங்கேயே போட்டு வைத்திருந்தார்கள்?" என்று அவருடைய மகன் கோபத்தோடு கேட்டார். அந்த நேரம் முழுவதும் மூன்று பேர் மாறி மாறி அழுத்திக்கொண்டிருந்ததை அவருக்கு விளக்கினேன்: மருத்துவ உதவியாளர், ஓட்டுநர், 108இல் தொலைபேசியில் சொல்லச் சொல்லக் கேட்டு முதல் நிமிடத்திலேயே தொடங்கிவிட்ட, மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞர்.