காலேஜ் ஃபுட்பால் சீட்டுக்குக் கட்டற டொனேஷன் டாக்ஸ்ல கழியாது, அதுக்காக ரிட்டயர்மென்ட் காசைத் தொடாதீங்க

அமெரிக்காவுல டாக்ஸ் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கறது என் தொழில், இருக்கிறது தெற்குப் பக்கம் ஒரு காலேஜ் டவுன். ஜனவரி கடைசில ஆரம்பிச்சா ஏப்ரல் 15 வரைக்கும் நிமிர்ந்து உக்கார நேரம் இருக்காது. இதே மாசங்கள்லதான் யுனிவர்சிட்டில இருந்து ஃபுட்பால் சீசன் டிக்கெட் ரினீவல் லெட்டரும் எல்லார் வீட்டுக்கும் வரும், அதனால கிளையன்ட் கொண்டு வர்ற ஃபைல்ல பேங்க் பேப்பரோட அந்த லெட்டரும் சொருகி இருக்கும். எல்லாரும் ஒரே கேள்விதான், இந்த டொனேஷனைக் கழிச்சுடலாம்ல? இந்த சீசன்ல அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. கடைசியா வந்தவர் ரிட்டயர் ஆன ஸ்கூல் பஸ் டிரைவர், அவரும் அவர் மனைவியும் கல்யாணம் ஆன புதுசுல இருந்தே அதே ரெண்டு சீட்ல உக்காந்து மேட்ச் பாத்தவங்க. லெட்டர்ல கேட்ட தொகையைக் கட்டறதுக்கு ஐ.ஆர்.ஏ.ங்கற ரிட்டயர்மென்ட் சேமிப்பு அக்கவுன்ட்ல இருந்து பணத்தை எடுத்துட்டு, "அதான் சாரிட்டில கழிஞ்சுடுமே"ன்னு நம்பிக்கையோட வந்து உக்காந்தாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருந்தா போதும். அதனாலதான் இதை எழுதறேன்.

இந்த ஊர் பழக்கம் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். இங்க ஃபுட்பால்னா நம்ம கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். சனிக்கிழமைன்னா காலேஜ் ஃபுட்பால், ஞாயித்துக்கிழமைதான் சம்பளத்துக்கு ஆடற டீம்களோட லீக்கான என்.எஃப்.எல். மிச்சிகன் ஸ்டேடியத்துல 1,07,601 சீட், பென் ஸ்டேட்டோட பீவர் ஸ்டேடியம், ஓஹையோ ஸ்டேடியம், டென்னசியோட நெய்லண்ட், எல்லாமே லட்சத்துக்கு மேல. பக்கத்துல பெரிய டீம் எதுவும் இல்லாத மாநிலங்கள்ல அந்த யுனிவர்சிட்டி டீம்தான் எல்லாம். நெப்ராஸ்கால 1962 நவம்பர்ல இருந்து ஒவ்வொரு ஹோம் கேமும் ஹவுஸ்ஃபுல்னு கணக்கு வச்சிருக்காங்க, 2021ல அந்தக் கணக்கு உடைஞ்சுடக் கூடாதுன்னு பெரிய டொனர்கள் மீதி டிக்கெட்டை வாங்கி பசங்களுக்குக் கொடுத்தாங்க. அந்தக் காலேஜ்ல காலே வைக்காதவங்கதான் இதுல பாதிப் பேர் இருப்பாங்க, பிளம்பர், டீச்சர், ஃபேக்டரில வேலை பாத்தவங்க, அப்பாவோட கையைப் பிடிச்சுக்கிட்டு முதல் மேட்ச்க்குப் போனவங்க. அவங்களைத்தான் இப்ப விலை வெளிய தள்ளுது, அவங்க ஃபைல்தான் என் மேஜைக்கு வருது.

சீசன் டிக்கெட்டுக்கு நீங்க கட்டற காசு ரெண்டு பாகம். ஒண்ணு டிக்கெட்டோட விலை, இன்னொண்ணு அந்த டிக்கெட்டை வாங்கற உரிமைக்காக வருஷா வருஷம் கட்ட வேண்டிய சீட் டொனேஷன். அலபாமால அதுக்கு டைட் பிரைட்னு ஒரு அமைப்பு, டெக்சஸ் ஏ அண்ட் எம்ல 12த் மேன் ஃபவுண்டேஷன், பெரிய டீம் வச்சிருக்கிற எல்லா இடத்துலயும் ஒண்ணு இருக்கும். நடு வரிசைக்கு ஒரு ரேட், மூலைக்கு ஒரு ரேட். கட்டலைன்னா சீட் இல்ல. நம்ம ஊர்ல எஞ்சினியரிங் சீட்டுக்கு டொனேஷன் கட்டின குடும்பத்துக்கு இதை நான் விளக்கவே வேண்டாம், அதே கதைதான்.

இப்ப அந்தக் கழிவு விஷயம். பொறுமையா சொல்றேன், பொறுமையா படிங்க, ஏன்னா படிச்சவங்க, பேங்க்ல வேலை பாத்தவங்க, ஏன் சில டாக்ஸ் போடறவங்க கூட இதைத் தப்பாவே பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு காலத்துல கழிஞ்சது, அது உண்மை. 1988ல அமெரிக்க பார்லிமென்ட்டான காங்கிரஸ் இதுக்குன்னே சட்டம் போட்டு, சீட்டுக்காகக் கட்டற டொனேஷன்ல 80% சாரிட்டியா கழிக்கலாம்னு சொல்லிச்சு. அப்ப ரெண்டு சீட்டுக்கு 2,000 டாலர் கட்டினவர் 1,600 டாலரைக் கழிக்கலாம், 25% டாக்ஸ் கட்டற பிராக்கெட்ல இருந்தா 400 டாலர் கைல மிஞ்சும். அந்தச் சட்டம் 2017 டிசம்பர்ல வந்த டாக்ஸ் மாத்தத்துல போயிடுச்சு. 2018 ஜனவரி 1ல இருந்து கழிவு பூஜ்ஜியம். 80% இல்ல, 50% இல்ல, ஒரு டாலர் கூட இல்ல. லெட்டர்ல "உங்கள் அன்பளிப்புக்கு நன்றி"ன்னு போட்டிருந்தாலும் இல்ல, பணம் ஃபவுண்டேஷன் பேர்ல போயிருந்தாலும் இல்ல, அந்த ஃபவுண்டேஷன் பதிவு பண்ணின சாரிட்டியா இருந்தாலும் இல்ல. கட்டினதுக்குப் பதிலா காலேஜ் மேட்ச் டிக்கெட் வாங்கற உரிமை உங்களுக்குக் கிடைக்குதா? அப்ப கழியாது. சீட்டுக்கும், சீட் வரிசையைத் தீர்மானிக்கிற பாயின்ட்டுக்கும் சம்பந்தமே இல்லாம அதே யுனிவர்சிட்டியோட லைப்ரரிக்கோ நர்சிங் படிக்கிற பசங்களோட ஸ்காலர்ஷிப்புக்கோ கொடுத்தீங்கன்னா அது வேற, அது இன்னமும் சாரிட்டிதான்.

இதுல இந்த வருஷம் புதுசா ஒரு குழப்பம் சேந்திருக்கு. 2026ல இருந்து ஷெட்யூல் ஏ (கழிவுகளை ஒவ்வொண்ணா எழுதற ஃபார்ம்) போடாதவங்களும் 1,000 டாலர் வரைக்கும், கணவன் மனைவி சேந்து போட்டா 2,000 வரைக்கும் சாரிட்டிக்குக் கொடுத்த பணத்தைக் கழிச்சுக்கலாம்னு சட்டம் வந்திருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா அந்த நியூஸைப் பாத்த உடனே "சூப்பர், சீட் டொனேஷனை இதுல போட்டுடலாம்"னு ஆரம்பிச்சுட்டாங்க. போட முடியாது. சாரிட்டியே இல்லாத ஒண்ணு எந்தப் பெட்டில எழுதினாலும் சாரிட்டி ஆகாது. தயவு செஞ்சு அடுத்த வருஷம் இதைத் தூக்கிக்கிட்டு வராதீங்க.

எழுபது வயசு தாண்டினவங்களுக்குத் தனியா ஒண்ணு. எழுபதரை வயசுக்கு மேல ஐ.ஆர்.ஏ.ல இருந்து நேரா சாரிட்டிக்குப் பணம் அனுப்பினா அது வருமானத்துல சேராது, கியூ.சி.டி.ன்னு சொல்லுவாங்க, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ ஃபுட் பேங்க்குக்கோ கொடுக்கறவங்களுக்கு இதை நானே சிபாரிசு பண்றேன். ஆனா முழுத்தொகையும் சாரிட்டியா கழியக்கூடியதா இருந்தாதான் அது செல்லும், பதிலுக்கு சீட் கிடைச்சா செல்லாது. அப்படி அனுப்பிட்டு வந்தா அந்தத் தொகை முழுக்க சாதாரண வருமானமா மாறிடும். அதோட போகாது. சோஷியல் செக்யூரிட்டி (அரசாங்கம் கொடுக்கற ஓய்வுக்காலப் பணம்) வாங்கற ஒருத்தர், நான் 12% பிராக்கெட்தானேன்னு நெனச்சு 1,000 டாலர் எடுக்கறார்னு வைங்க. அவரோட வருமானம் ஒரு குறிப்பிட்ட இடத்துல இருந்தா, அந்த ஆயிரத்தோட சேந்து அவரோட சோஷியல் செக்யூரிட்டில 850 டாலரும் புதுசா டாக்ஸுக்கு உள்ள வரும், ஆக 1,850 டாலருக்கு 12%, 222 டாலர். பன்னெண்டு சதவீதம்னு நெனச்சது இருபத்திரெண்டா நிக்குது. இந்த வரம்பையெல்லாம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏத்தவே இல்ல, 85% சேர்ற விதி வந்தது 1993ல, இன்னைக்கும் வருமான வரம்பு அதே 34,000 டாலர், ஜோடிக்கு 44,000. என் கிளையன்ட்ல பென்ஷன் வாங்கற நிறைய பேர் சரியா அந்த இடத்துலதான் இருக்காங்க. ஐம்பத்தொம்பதரை வயசு ஆகாதவங்க 401(கே)ங்கற கம்பெனி ரிட்டயர்மென்ட் அக்கவுன்ட்ல இருந்து எடுத்தா டாக்ஸுக்கு மேல 10% அபராதமும் உண்டு. வீட்டு மேல கடன் எடுத்துக் கட்டறவங்களும் இருக்காங்க, அந்த வட்டியும் 2018ல இருந்து கழியாது, அந்த வீட்டை வாங்கவோ கட்டவோ பெரிய அளவுல மேம்படுத்தவோ செலவழிச்சா மட்டும்தான் கழியும்.

எல்.எல்.சி.ன்னு சொந்தமா சின்னக் கம்பெனி வச்சிருக்கிற நம்ம ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. கிளையன்ட்டைக் கூட்டிட்டுப் போறேன், பிசினஸ் செலவுல எழுதுங்கன்னு சொல்றீங்க. மேட்ச் டிக்கெட் பொழுதுபோக்குச் செலவு, முன்னாடி பாதி கழியும், அதுவும் 2018லயே போச்சு. அங்க வாங்கின சாப்பாட்டுக்குத் தனி பில் இருந்தா அதுல பாதியைப் பேசலாம், டிக்கெட்டைப் பேசவே முடியாது.

ஏன் இவ்வளவு ஏறுதுன்னு கேட்டா இங்க எல்லாரும் பிளேயர்களைத்தான் கை காட்டறாங்க. பசங்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு. இதை நான் ஒத்துக்க மாட்டேன். பேர், ஃபோட்டோவை வச்சு பசங்க சம்பாதிக்கலாம்னு விட்டதே 2021 ஜூலைலதான். யுனிவர்சிட்டியே நேரடியா பிளேயர்களுக்குக் கொடுக்கலாம்னு கோர்ட் செட்டில்மென்ட் ஓகே ஆனது 2025 ஜூன்ல, முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு உச்சவரம்பு கிட்டத்தட்ட 2.05 கோடி டாலர். சீட் டொனேஷனோ 1988லயே சட்டத்துல ஏறின விஷயம். நடுவுல அந்தப் பணமெல்லாம் எங்க போச்சு? 2023 நவம்பர்ல டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை அனுப்பறதுக்கு மட்டும் கிட்டத்தட்ட 7.6 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிச்சு, வேலை பாக்கறதுக்கு இல்ல, பாக்காம இருக்கறதுக்கு. ஜார்ஜியாவோட கர்பி ஸ்மார்ட் வருஷத்துக்கு 1.3 கோடி வாங்கறார். ஸ்டேடியத்துல பணக்காரங்க உக்காந்து பாக்கற கண்ணாடி அறை கட்டின கடன் வேற, அந்த அறைக்கு இடம் விட்டு எடுத்த பெஞ்சு யாரோடதுன்னு பாத்தா இதே பழைய ஆளுங்களோடது. டிவில இருந்தும் வருது, பிக் டென் 2022ல போட்ட ஒப்பந்தம் மட்டும் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல. வரவு ஏறினப்பவும் டிக்கெட் இறங்கல. இப்ப புதுச் செலவு வந்ததும் அதை ரசிகர் தலைல வைக்கறாங்கங்கறது உண்மைதான், டென்னசி 2025 சீசன் டிக்கெட் மேல டேலன்ட் ஃபீ னு 10% வெளிப்படையாவே போட்டுச்சு. முழங்கால் கிழிய ஆடற பையனுக்குப் பங்கு கிடைக்கறது நியாயம்னுதான் நான் நெனைக்கறேன். அதுக்காக நாப்பது வருஷம் மழைலயும் தோல்விலயும் வந்து உக்காந்தவங்களை எழுப்பி விடறது நியாயம் இல்ல.

அவங்க ஏன் விட மாட்டேங்கறாங்கன்னா, விட்டா சீட் போயிடும்னு பயம். எத்தனை வருஷம் வச்சிருக்கீங்க, மொத்தம் எவ்வளவு கொடுத்தீங்கன்னு பாயின்ட் கணக்கு ஓடும், ஒரு வருஷம் விட்டா வரிசைல பின்னாடி போயிடுவீங்க. ஆனா ஒண்ணு கேளுங்க, அது உங்க சொத்து இல்ல. ஸ்டேடியத்தை மாத்திக் கட்டினா மொத்த சீட்டையும் கலைச்சுட்டுப் புது ரேட்ல திரும்பப் பிரிச்சுக் கொடுப்பாங்க. நிறைய இடத்துல கணவனுக்குப் பின்னாடி மனைவி பேருக்கு மாத்தலாம், புள்ளைக்கு மாத்த விட மாட்டாங்க. பேரனுக்காக வச்சிருக்கேன்னு கட்டறவங்க முதல்ல அந்த விதியைக் கேட்டு வாங்கிப் படிங்க.

சரி, என்ன பண்ணலாம். ரினீவல் லெட்டர் வந்ததும் டிக்கெட், டொனேஷன், ஃபீ, பார்க்கிங் எல்லாத்தையும் கூட்டி, ஹோம் கேம் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. அந்த நம்பரைப் பாத்தப்புறமும் மாசச் செலவுக்காசுல இருந்தே கட்ட முடியும்னா தாராளமா கட்டுங்க, சந்தோஷமா போங்க, நான் தடுக்கல. கிரெடிட் கார்டுல போட்டுத் தவணைல அடைக்கணும்னா வேண்டாம். சீட்டைக் கொஞ்சம் மேல, மூலைக்கு மாத்தினா டொனேஷன் குறையுதான்னு டிக்கெட் ஆபீஸ்ல கேளுங்க, பல பேர் வெக்கப்பட்டுக்கிட்டே கேக்கறதில்ல. ரெண்டு குடும்பம் சேந்து ஒரு சீசனைப் பிரிச்சுக்கலாம். முழு சீசனையும் விட்டுட்டு, செப்டம்பர்ல சின்ன டீம் வர்ற மேட்ச்க்கு மட்டும் ரீசேல்ல வாங்கலாம், 2025 மே மாசத்துல இருந்து எல்லா ஃபீயும் சேத்த மொத்த விலையை முதல்லயே காட்டணும்னு நுகர்வோர் பாதுகாப்பைப் பாத்துக்கற எஃப்.டி.சி.யோட விதி இருக்கு, கடைசித் திரைல விலை தாவுச்சுன்னா வாங்காதீங்க. பெரிய மேட்ச் டிக்கெட்டை வித்து மீதி சீசனுக்குக் காசு தேத்தறது நல்ல யோசனைதான், ஆனா வாங்கின விலைக்கு மேல வந்தது வருமானம், வித்துக் கொடுத்த சைட் அனுப்பற 1099-கே ஃபார்ம் வந்தாலும் வராட்டியும். நஷ்டத்துக்கு வித்தா அதைக் கழிக்க முடியாது. வாங்கின ரசீதை எடுத்து வைங்க.

பக்கத்துல டிவிஷன் 3ங்கற சின்ன டீம்கள் பிரிவுல ஆடற காலேஜ் இருந்தா ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்க, அங்க ஆடறதுக்காக ஸ்காலர்ஷிப் கூட கிடையாது, பசங்க ஆட்டத்துக்காகவே ஆடறாங்க. டிக்கெட் விலையும் உங்களைப் பயமுறுத்தாது. என் கிளையன்ட் சில பேரை நான் அப்படித்தான் அனுப்பி வச்சேன், அவங்க இப்ப பேரப்பசங்களையும் கூட்டிட்டுப் போறாங்க.

2018க்கு அப்புறம் ரிட்டர்ன்ல சீட் டொனேஷனைக் கழிச்சவங்க, கடைசி மூணு வருஷ ரிட்டர்னை எடுத்துப் பாருங்க. கழிச்சிருந்தா டாக்ஸ் டிபார்ட்மென்ட்டான ஐ.ஆர்.எஸ். லெட்டர் வரட்டும்னு காத்திருக்காம 1040-எக்ஸ் ஃபார்ம் போட்டுத் திருத்திடுங்க, நீங்களே முந்திக்கிட்டா வட்டி குறைவு, தொல்லையும் குறைவு. உங்க அப்பா அம்மாவோ மாமனாரோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ இந்த மாதிரி வருஷா வருஷம் கட்டறவங்களா இருந்தா, அந்தக் காசு எந்த அக்கவுன்ட்ல இருந்து போகுதுன்னு கேளுங்க, கோவப்படாம கேளுங்க. அவங்களுக்கு அது வெறும் மேட்ச் இல்ல. ஐ.ஆர்.ஏ.ன்னு பதில் வந்தா, பணம் எடுக்கறதுக்கு முன்னாடி லெட்டரோட அவங்களோட டாக்ஸ் போடறவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எடுத்து 60 நாள் ஆகலைன்னா பெரும்பாலும் அதே பணத்தைத் திரும்ப ஐ.ஆர்.ஏ.ல போட வழி இருக்கு, பன்னெண்டு மாசத்துல ஒரு தடவைதான் அப்படிப் பண்ண முடியும், அதனால தேதியைப் பாத்துட்டு உடனே கிளம்புங்க.